மதிலுக்கு வெளியே ஒரு கல்லறை

உயிரின் புனிதம் பற்றிக் கத்தோலிக்கப் பங்குகள் பேசத் தொடங்கும்போது, அறிவிப்புப் பலகையில் பெரும்பாலும் முதலில் இடம்பெறுவது கருவிலிருக்கும் குழந்தையின் படம். ஊர்வலம், சிறப்புத் திருப்பலி, மறையுரை யாவும் அதைச் சுற்றியே அமைகின்றன. அதில் நமக்குக் குறையொன்றும் இல்லை. வாய் திறந்து பேசவியலாத உயிருக்காக ஒருவர் பேசுவது நல்லதே. அந்தப் படத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறதே என்பதுதான் நம் ஆதங்கம்.

'ஹாம்லெட்' நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தை நினைத்துப் பார்ப்போம். ஒஃபீலியாவுக்குக் குழி வெட்ட வந்தவர்கள், அவளுக்குக் கிறிஸ்தவ அடக்கம் தகுமா என்று வழக்காடுகிறார்கள். குருவானவரோ சடங்கைச் சுருக்கிக்கொள்கிறார். அவளுடைய அண்ணன் லேயர்டீஸ் கொதித்துப் போகிறான். இது வெறும் நாடகக் காட்சி அன்று. மனமறிந்து தற்கொலை செய்துகொண்டவர், சாகுமுன் மனம் வருந்தியதற்கான அடையாளம் எதையும் காட்டாதிருந்தால், அவருக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது என்றது 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். உயிரின் புனிதத்தைக் காப்பதாகச் சொல்லி, பிள்ளையைப் பறிகொடுத்த தாயைத் தண்டித்த சட்டம் அது. இறந்தவனுக்கு அதனால் என்ன நேர்ந்துவிடப் போகிறது?

1983 நவம்பர் 27 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இன்னும் ஒருபடி மேலே சென்றது. தற்கொலை தவறு என்பதை அது விட்டுக்கொடுக்கவில்லை. ஆயினும் கடும் மனநலக் குறைவும் அச்சமும் துன்பமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றது. அவரது மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றது. சட்டம் மாறி நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஊர்ப்பேச்சு மாறியிருக்கிறதா?

புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த ஒன்பதாம் நாள், சிகாகோ பேராயர் கர்தினால் ஜோசப் பெர்னார்டின் நியூயார்க்கின் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். கருக்கலைப்பு, அணு ஆயுதப் போர், மரண தண்டனை ஆகியவை வெவ்வேறு சிக்கல்கள்தாம். ஆனாலும் உயிரை மதிக்கும் ஒரே அறம் அவற்றை இணைக்கிறது என்பது அவர் வாதம். இயேசு அணிந்திருந்த தையலில்லாத அங்கியின் பெயரால் அது வழங்கலாயிற்று. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்தால் கருக்கலைப்பின் கனம் குறைந்துவிடும் என்று திருச்சபைக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. அந்த அச்சம் நமக்குப் புரிகிறது. ஆனால் குற்றமற்ற உயிரை மட்டும் புனிதம் என்போமானால், நாம் போற்றுவது குற்றமின்மையைத்தானே தவிர உயிரை அன்று.

இதைத் தஸ்தயேவ்ஸ்கி தன் உடலாலேயே அறிந்தவர். 1849-இல் துப்பாக்கிகளின் முன் நிறுத்தப்பட்டு, கடைசி நொடியில் உயிர் பிழைத்தவர். தண்டனைக்குரியவன் சாகும் நேரத்தை அறிந்திருப்பதே கொடுமைகளில் பெருங்கொடுமை என்று 'அசடன்' நாவலின் மிஷ்கினைப் பேசவைத்தார். திருச்சபை அந்த இடத்துக்கு மெல்லத்தான் வந்து சேர்ந்தது. மரண தண்டனை தவிர்க்கவியலாத சூழல்கள் அநேகமாக இல்லவே இல்லை என்றார் இரண்டாம் ஜான் பால், 1995-இல். 2018-இல் போப் பிரான்சிஸ் மறைக்கல்வி நூலையே திருத்தி, அதை ஏற்கவே இயலாது என்று எழுதச் செய்தார்.

ஆகவே பங்குகளிடம் நாம் கேட்பது புதுமையான ஒன்றை அன்று. அவர்கள் கையிலிருக்கும் நூலை முழுமையாக வாசியுங்கள் என்றுதான். நவம்பர் 2, கல்லறைத் திருநாள். மெழுகுவர்த்தி ஏந்தி ஊரே கல்லறைத் தோட்டத்தில் கூடியிருக்கும். தற்கொலையால் இறந்தவரைப் பற்றிய அந்த மறைக்கல்விப் பத்தியை அன்று உரக்க வாசிக்கட்டும். கூட்டத்தின் கடைசி வரிசையில், யாருடைய முகத்தையும் பாராமல் நிற்கும் ஒரு தாய் அதைக் கேட்பாள். உயிரின் புனிதம் என்ற சொல் அன்றைக்கு அவளுக்கும் உரியதாகும்.