வீட்டுக்காரர் அடுப்பில் சமைக்கும் வைரஸ்

1986ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தது. "இத்தனை வருஷமாகியும் மருந்து வரலியே" என்பவர்களுக்கு: மருந்து இருக்கு. தினமும் சாப்பிடணும். அதை நிறுத்த வைப்பது பல நேரம் நாம்தான்.

கொஞ்சம் பயாலஜி (பயப்படாதீங்க, நாலு வரிதான்). எச்.ஐ.வி.யிடம் மொத்தமே 9 ஜீன். நம் வெள்ளணுவின் டி.என்.ஏ.வுக்குள் செருகிக்கொண்டபின், அதைப் படித்து ஆர்.என்.ஏ. நகலெடுக்க அதனிடம் சொந்த என்சைம் கிடையாது. நம்முடைய ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2-ஐத்தான் நம்பியிருக்கு. அதுவும் ஆரம்பத்திலேயே திக்கி நிற்கும். அப்போ வைரஸின் 'டாட்' என்ற புரதம், நம் செல்லின் சிடிகே9 என்ற இன்னொரு என்சைமை இழுத்து வந்து வேலையைத் தொடர வைக்கும். குடிவந்தவன் வீட்டுக்காரர் அடுப்பில், வீட்டுக்காரர் கேஸில் சமைக்கிற கதை! அடுப்பை உடைக்கவும் முடியாது, நம் சாப்பாடும் அதில்தானே வேகுது.

அந்த வெள்ளணு தூங்கினால் உள்ளே இருக்கும் வைரஸும் தூங்கும். தூங்குவதை இன்றைய மாத்திரை தொடாது. செல்லை எழுப்பும் நம் புரதமான என்.எஃப். கப்பா பி வைரஸையும் எழுப்பிவிடும். அது உட்காரும் இடங்கள், மேற்கத்திய நாடுகளில் அதிகமுள்ள பி வகையில் பொதுவாக 2, இந்தியாவில் அதிகமுள்ள சி வகையில் 3. நம்ம லிங்கராஜபுரத்திலிருந்து ரொம்ப தூரமில்லாத ஜக்கூரில், ஜவஹர்லால் நேரு ஆய்வு மையத்தின் உதய்குமார் ரங்கா குழு, 4 இடங்கள் கொண்ட வைரஸும் இந்தியாவில் பரவுவதை 2012ல் எழுதியது.

அதனால்தான் மாத்திரையை விட்டால் பெரும்பாலும் சில வாரத்தில் வைரஸ் திரும்பிடும். விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்றாது.

ஆனால் ஊரைவிட்டு வந்து, ஒரே ரூமில் நாலு பேரோடு தங்குபவர் அந்த டப்பாவை எங்கே வைப்பார்? 2004லிருந்து அரசு மையங்களில் மாத்திரை இலவசம். ஊர் மாறினால் சிகிச்சையையும் இங்குள்ள மையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். 2018ல் அமலுக்கு வந்த சட்டப்படி, எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி வாடகை வீடு மறுக்கக்கூடாது, வேலைக்கு எடுக்க டெஸ்ட் கேட்கக்கூடாது. எல்லாம் இருக்கு. பக்கத்துக் கட்டில்காரரின் பார்வைக்கு மட்டும் சட்டம் இல்லை.

என் கருத்து இவ்வளவுதான். வைரஸ் நம் என்சைமைப் பிடித்துக்கொள்வதை நம்மால் தடுக்க முடியாது. ஒருத்தர் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒளியாமல் மாத்திரை போட விடுவது நம் கையில் இருக்கு. உங்க வீட்டில் அப்படி ஒருத்தர் இருந்தால், ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் கொடுங்க. காரணம் கேட்காதீங்க.