மேசைக்கு நடுநிலை, மனிதனுக்கு வாய்ப்பூட்டா?

2025 செப்டம்பர் 22 அன்று பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன் ஐ.நா. சபையில் பாலஸ்தீனத்தைத் தனி நாடாக அங்கீகரித்தார். அன்றைய தினம் பிரான்சில் எண்பதுக்கும் மேற்பட்ட நகராட்சிகள் (நம் ஊர்ப் பேச்சில் மேரி) பாலஸ்தீனக் கொடியை ஏற்றின. பொதுச் சேவை நடுநிலையாக இருக்க வேண்டும், ஆகவே இதைத் தடுக்க வேண்டும் என்று உள்துறை அமைச்சகம் முன்கூட்டியே பிரெஃபேக்களுக்குச் சொல்லியிருந்தது. பாரிசை ஒட்டிய மலாகோஃப் நகராட்சிக்கு, கொடியை இறக்காவிட்டால் நாளொன்றுக்கு 150 யூரோ அபராதம் என்றது நீதிமன்றம்.

இதைப் பற்றிப் பேசும்போது, என்னைப் போலவே பென்ஷன் வாங்கும் நண்பர் ஒருவர், "சர்க்கார் சம்பளம் வாங்குறவன் இதிலெல்லாம் வாயே திறக்கக் கூடாதுங்க" என்றார். எனக்கு அதில் சம்மதமில்லை.

கட்டடத்தில் கொடி கூடாதென்றால் ஒப்புக்கொள்கிறேன். மேரி எல்லா மக்களுக்கும் பொது. பிறப்புச் சான்றிதழ் வாங்க வருகிற யூதருக்கும் முஸ்லிமுக்கும் அங்கே ஒரே முகம்தான் காட்ட வேண்டும். ஆனால் அந்த அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டாமா? 2022இல் இதே மேரிகளில் உக்ரைன் கொடி பறந்தபோது இத்தனை அவசரத்தை யாரும் காட்டவில்லையே!

ஊழியரின் கதை வேறு. அரசு ஊழியர்களுக்குக் கருத்துச் சுதந்திரம் உண்டு என்று 1983ஆம் வருஷத்துப் பிரெஞ்சுச் சட்டமே உறுதி சொன்னது. வேலை நேரத்தில் நடுநிலை, வெளியே பேசும்போது நிதானம். கேட்பது அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில் நடப்பவர் குமாஸ்தா அல்ல, குடிமகன்.

நம் பக்கமும் பார்ப்போம். 1964ஆம் வருஷத்து நடத்தை விதிகளில் 9ஆவது விதி, அந்நிய நாட்டோடு உள்ள உறவுக்குச் சங்கடம் தரும்படி ஊழியர் பேசக் கூடாது என்கிறது. அந்த விதிக்குக் கீழேதான் நான் சர்வீஸ் முழுக்க மேசையில் உட்கார்ந்தேன். ஆனால் பாலஸ்தீனத்தை இந்தியா 1988லேயே அங்கீகரித்துவிட்டது. சர்க்கார் சொன்னதையே ஒரு குமாஸ்தா தெருவில் நின்று சொன்னால் யாருக்கு என்ன சங்கடம்?

கவுண்டருக்கு வருகிறவரிடம் பாரபட்சம் காட்டினால் அந்த ஊழியரைத் தண்டியுங்கள், நானும் கைதட்டுகிறேன். மனசில் பட்டதை வெளியே சொன்னதற்காக மெமோ கொடுத்தால் அதை நடுநிலை என்று சொல்லாதீர்கள். அது மிரட்டல்.