11 நிமிடத்துக்கு அப்புறம்?

சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில்தான் திருக்கழுக்குன்றம். அந்த ஊர் டாக்டர் தம்பதி அசோகன் - புஷ்பாஞ்சலியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் செய்தவர்கள். போலீஸ் வழியை ஒதுக்கித்தர, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் அவன் இதயம் போய்ச் சேர்ந்தது. கைதட்டினோம். சினிமாவாகவும் பார்த்தோம்.

சரி, அப்புறம்?

உறுப்பு பெற்றவருக்கு அது ஆரம்பம்தான். புது உறுப்பை உடம்பு விரட்டாமலிருக்க, எதிர்ப்பு சக்தியை ஆயுள் முழுக்க மருந்தால் அடக்கி வைக்கிறார்கள். காற்றில் மிதக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை உங்களையும் என்னையும் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. அவரைக் கொன்றுவிடக்கூடும். ஜுரம்கூடச் சரியாகக் காட்டாது.

இருமலா? ஆன்டிபயாடிக். கேட்கவில்லையா? வேறு ஆன்டிபயாடிக். அப்புறம் டி.பி. சந்தேகம். பூஞ்சை ஞாபகம் வருவதற்குள் நாள் ஓடிவிடுகிறது.

'பூஞ்சை மருந்தையும் சேர்த்தே கொடுத்துவிட வேண்டியதுதானே?' என்பீர்கள். விளையாட்டல்ல. ஆம்ஃபோடெரிசின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் - தானமாக வந்த சிறுநீரகத்தையும்தான்! வோரிகோனசோலோ, உறுப்பைக் காக்கத் தரும் டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏற்றிவிடும். தவிர, அது ஆஸ்பர்ஜில்லஸுக்குத்தான் சரி. 2021-ல் 'கறுப்புப் பூஞ்சை' என்று பயந்தோமே, அந்த மியூகரிடம் எடுபடாது. எந்தப் பூஞ்சை என்று தெரிந்தாக வேண்டும்.

வழி இருக்கிறது. எடுத்த திசுவில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டுவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது பழைய, மலிவான முறை. பழகிய கண் இருந்தால், மியூகரின் அகலமான இழையா, ஆஸ்பர்ஜில்லஸின் ஒல்லி இழையா என்று பெரும்பாலும் அன்றைக்கே சொல்லிவிடலாம். நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் கேலக்டோமன்னன் பரிசோதனை செய்தால் ஆஸ்பர்ஜில்லஸ் மாட்டும், மியூகர் தப்பிவிடும். அதனால் ஒன்று போதாது.

நான் படித்தது பி.காம். லட்சக்கணக்கில் போட்டு மெஷின் வாங்கிவிட்டு, பராமரிப்புக்குப் பைசா ஒதுக்காத முதலாளியை என்னவென்று சொல்வது? இத்தனை ஆபரேஷன் செய்தோம் என்று மட்டும் அறிவிக்காதீர்கள். ஒரு வருஷம் கழித்து எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள், பூஞ்சையைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆனது என்பதையும் ஆஸ்பத்திரிவாரியாக வெளியிடுங்கள். மாவட்டத்துக்கு ஓர் இடத்திலாவது இந்தப் பரிசோதனைகளைச் செய்யுங்கள்.

உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதை என்று 2023-ல் அறிவித்தார்கள். நல்ல காரியம். தானம் பெற்றவருக்குச் செய்யும் மரியாதை, ரிப்போர்ட் நேரத்துக்கு வருவதுதான்.