பழி மட்டும் வௌவாலுக்கு

"எல்லாம் இந்த வௌவாலால வந்த வினை." நிப்பா என்ற பெயர் செய்தியில் அடிபடும்போதெல்லாம் நம்ம ஆளுங்க சொல்லும் வசனம் இது. அந்தப் பெயரே நம் நாட்டு ஊர்ப்பெயர் என்பது மட்டும் பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை.

நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கிராமம்தான் அது. நோய் தொடங்கியது 1998இல், ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில். முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவுக்குப் புகையடித்தார்கள். பன்றிகளோ லாரி ஏறி புக்கிட் பெலாண்டோக் வரை போய்விட்டன. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கிருமியைப் பிரித்தெடுத்த பிறகுதான் உண்மை தெரிந்தது. மலேசியாவில் நோய் கண்டவர்கள் 265 பேர், இறந்தவர்கள் 105 பேர். கொல்லப்பட்ட பன்றிகள் 10 லட்சத்துக்கும் மேல்.

வௌவால் என்ன செய்தது? மாம்பழம் தின்றது. கொட்டகையை ஒட்டியே மாமரங்கள் இருந்தன, அது கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றது என்பதுதான் ஆய்வாளர்கள் தரும் விளக்கம். ஆயிரக்கணக்கான பன்றிகள் ஒரே இடத்தில் அடைபட்டு, புதுக் குட்டிகளும் பிறந்துகொண்டே இருந்ததால் கிருமி அணையவில்லை. பொறியியல் படித்தவனாகச் சொல்கிறேன்: பெட்ரோல் கிடங்குப் பக்கத்தில் அடுப்பு வைத்துவிட்டு, தீப்பொறியைத் திட்டி என்ன பயன்?

"நாமதான் கோழி சாப்பிடுறோமே" என்று பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் உட்கார்ந்து தப்பிக்கவும் முடியாது. ஒரு கிலோ உயிர்க்கோழிக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு கிலோ தீவனம் வேண்டும். அதற்கான சோளத்தில் பெரும்பகுதி அர்ஜெண்டினா, பிரேசிலிலிருந்து கப்பலில் வருகிறது; சோயாவும் இறக்குமதிதான். அர்ஜெண்டினாவின் சாக்கோ காடும் பிரேசிலின் செராடோவும் சோயாவுக்காகவும் மாட்டுக்காகவும் அழிகின்றன. ஜாகுவார் வாழ இடமில்லாமல் போகிறது. 2022 ஜூன் 1 முதல் அரசு கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோதும் நாம் பேசியது விலையை மட்டும்தான்.

"ஏழைக் குடும்பத்துக்கு வேற என்ன மலிவா கிடைக்குது?" நியாயமான கேள்வி. பி40 குடும்பத்தின் தட்டில் நான் கை வைக்கவில்லை. பண்ணை எங்கே, எவ்வளவு நெருக்கமாக, தீவனம் எந்த நிலத்தில் விளைந்தது என்று சொல்லும் கடமை முதலாளிக்கும் அனுமதி தரும் அரசுக்கும் உண்டு. அதைக் கேட்கும் கடமை நமக்கு.

கேட்டால் நடக்கும். கோல லங்காட் வட வனக்காப்பகத்தில் 536.7 ஹெக்டர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது 2021இல் தெரியவந்ததும் கத்தினோம். செப்டம்பரில் சிலாங்கூர் அரசு முடிவை ரத்து செய்தது. கிள்ளானிலிருந்து காரில் போய்ப் பார்க்கக்கூடிய காட்டுக்கு வந்த கோபம், நம் தட்டு வழியாக அழியும் காட்டுக்கும் வரணும்.

டுரியான் பூவுக்கு மகரந்தம் சுமப்பதும் வௌவால்தான். அடுத்த முறை அதைத் திட்டும்போது வாயில் டுரியான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.