தகப்பன்சாமி ஆகலாமா?

சுவாமிமலைக் கதை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிள்ளை ஆசானாக அமர்ந்தான். தந்தை வாய் பொத்திப் பாடம் கேட்டார். நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்கள் கதையாகவே வைத்துக்கொள்ளட்டும். ஆனால், பாடத்தின் நடுவே தந்தையின் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு, "விடுங்கள், நானே செய்து தொலைக்கிறேன்" என்று அந்தப் பிள்ளை சொன்னதாக எந்தப் புராணத்திலும் இல்லை. அப்படிச் செய்கிறவர்கள் நாம்தாம்.

தோழர்களே, இரவு ஒன்பது மணிக்கு நம் விடுதி மாடிப்படிகளில் ஏறி இறங்கிப் பாருங்கள். படிக்கு ஒருவர் தொலைபேசியும் கையுமாக நிற்பார். "அந்த நீலக் கட்டத்தை அழுத்துங்கள் அப்பா... அது இல்லை, அதற்குக் கீழே... ஐயோ, ஏன் அதைத் தொட்டீர்கள்?" தமிழில் மட்டுமா? இந்தியிலும் வங்கத்திலும் தெலுங்கிலும் இதே புலம்பல்தான். அந்தப் படிக்கட்டில் மூன்று ஆண்டுகள் எல்லோரையும் விட உரக்கக் கத்தியவன் நான். இந்தக் கட்டுரையை எழுத எனக்குள்ள தகுதியும் அதுதான்.

என் தந்தை திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து 2019ஆம் ஆண்டு ஓய்வு பெற்றவர். எழுபதுகளின் இறுதியில் பயிற்சியாளராகச் சேர்ந்து நாற்பது ஆண்டுகள் இரும்போடு வாழ்ந்தார். மேசை, நாற்காலி, கோப்பு, காகிதம் இவற்றோடு அவருக்கு உறவே கிடையாது. ஓய்வு பெற்ற பின்னரோ, எல்லாம் அவற்றின் வழியேதான் என்று ஆகிவிட்டது. ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நவம்பரில் தாம் உயிரோடிருப்பதாகச் சான்று தரவேண்டும் அல்லவா? அதைக் கணினி வழியே தருவதற்கு 'ஜீவன் பிரமாண்' என்னும் முறையை மத்திய அரசு 2014 நவம்பரில் கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடுதான்; குறை சொல்லமாட்டேன். 2022 நவம்பரில் அப்பா ஒரு சேவை மையத்திற்குப் போய் விரலை வைத்தார். கருவி ஏற்கவில்லை. பத்து விரல்களையும் மாற்றி மாற்றி வைத்தும் ஏற்கவில்லை. அரமும் உளியும் பிடித்துத் தேய்ந்த விரல்களில் ரேகை எங்கே இருக்கும்? கடைசியில் வங்கிக்குப் போய்த் தாளில் கையெழுத்திட்டு வந்தார். அன்றிரவு தொலைபேசியில், "நான் உயிரோடு இருக்கிறேன் என்று நான் சொன்னால் போதவில்லையடா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த ஆண்டு விடுமுறையில் முதல் பாடம் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பில் அரசின் திட்டத்தில் எனக்குக் கிடைத்த விலையில்லா மடிக்கணினி வீட்டில் இருந்தது. 'மவுஸை'ப் பிடிக்கச் சொன்னேன். இரட்டைத் தட்டு தட்டச் சொன்னேன். அவர் ஒரு முறை தட்டி, சரியாகத் தட்டினோமா என்று பார்த்துவிட்டு, மறுமுறை தட்டினார். திறக்கவில்லை. மீண்டும் தட்டினார். அதற்குள் அம்புக்குறி நகர்ந்து எங்கோ போயிற்று. பத்து நிமிடம் பொறுத்தேன். பதினோராவது நிமிடம் மவுஸைப் பிடுங்கினேன். வங்கிக் கணக்கைத் திறந்து, மறைச்சொல்லை நானே அமைத்து, என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, "இனிமேல் எது வேண்டுமானாலும் என்னைக் கேளுங்கள்" என்றேன். உதவி செய்துவிட்ட நிறைவோடு தில்லிக்கு ரயில் ஏறினேன்.

பின்னால்தான் தெரிந்தது: இரண்டு தட்டுகளுக்கும் இடையே அரை வினாடிக்கு மேல் போனால் விண்டோஸ் அதை இரட்டைத் தட்டாக ஏற்பதில்லை. அந்த இடைவெளியை நீட்டிக் கொள்ளவும், அம்புக்குறியைப் பெரிதாக்கிக் கொள்ளவும் அமைப்புகளில் இடமிருக்கிறது. ஆண்டுக்கணக்காகக் கணினியோடு இருந்தவன், அந்தப் பக்கத்தை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அவர் கை மெதுவானது என்று அவரைக் கடிந்துகொண்டேன்.

தம் பணம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் மகனைக் கேட்கவேண்டும். மகனுக்குத் தேர்வு என்றால் காத்திருக்கவேண்டும். 2023இல் ஒரு முறை நான் நான்கு நாட்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. பஞ்சப்படி நிலுவை வந்ததா என்று அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. நான் எப்போதோ சொல்லியிருந்த மறைச்சொல்லை ஒரு துண்டுத் தாளில் எழுதி, தெருமுனைக் கடையில் இருந்த பையனிடம் கொடுத்துப் பார்த்து வந்துவிட்டார். அந்தப் பையன் நல்லவன்; பணம் ஒன்றும் போகவில்லை. ஆனால் செய்தி கேட்டு எனக்கு உடல் வியர்த்தது. வழக்கம்போலக் கத்தினேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. அதன்பின் ஆறு மாதம் மடிக்கணினியைத் தொடவும் இல்லை.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார்: "வேலை நடந்தால் போதாதா? வயதான காலத்தில் அவர்களை ஏன் வருத்த வேண்டும்?" இந்த வாதத்தில் பாதி அன்பு, பாதி சோம்பல். அது கிடக்கட்டும். 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பலைப் பற்றி 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் எச்சரிக்கவேண்டி வந்தது. காவல்துறை என்று சொல்லிக்கொண்டு ஒருவன் பேசுகிறான். 'இதை அழுத்து, அதை அனுப்பு' என்கிறான். முதியவர் அப்படியே செய்கிறார். ஏன் செய்கிறார் என்று வியக்கிறோம். நாம் பழக்கிய பழக்கம் அல்லவா அது? தொலைபேசியில் ஒரு குரல் சொல்லும், ஏன் என்று கேளாமல் அழுத்தவேண்டும், கேட்டால் திட்டு விழும்: நம் படிக்கட்டுப் பாடசாலையில் நாம் கற்பித்தது இது ஒன்றுதானே? குரல் மட்டும் மாறினால் போதும். 1930 என்ற உதவி எண்ணைக்கூட அப்பாவுக்கு நான் சொல்லி வைத்திருக்கவில்லை.

2024 கோடையில் வீட்டுக்குப் போனபோது மறுபடியும் தொடங்கினோம். இந்த முறை தொடங்கியவர் அவர். "எங்கள் பணிமனையில் புதுப்பையன் வந்தால் முதலில் என்ன செய்வோம் தெரியுமா?" என்று கேட்டார். ஓர் இரும்புத் துண்டையும் அரத்தையும் கொடுத்து நாள் முழுவதும் சமமாகத் தேய்க்கச் சொல்வார்களாம். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எங்கே ஒளி கசிகிறது என்று அவனையே பார்க்கச் சொல்வார்களாம். "அவன் கையிலிருந்து அரத்தை நாங்கள் வாங்கியதில்லை. வாங்கினால் அவன் கற்கமாட்டான், வேடிக்கைதான் பார்ப்பான்." என்னைக் குத்திச் சொன்னாரா, பொதுவாகச் சொன்னாரா என்று இன்றுவரை கேட்கவில்லை.

கை பழகுவதற்குச் சீட்டாட்டத்தைத் திறந்து கொடுத்தேன். 1990இல் விண்டோஸோடு வரத் தொடங்கிய ஆட்டம் அது; சீட்டை இழுத்து இழுத்துப் போடுவதில் மவுஸ் தானாகப் பழகும். அவர் முகம் சுளித்தார். சம்பள நாளன்று சீட்டாடிக் கெட்ட குடும்பங்களைக் குடியிருப்பில் பார்த்தவர். "பணம் வைக்காத ஆட்டம்" என்று விளக்கிய பிறகே தொட்டார். மூன்றாம் நாள் சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுதுவதற்கில்லை.

அப்போது எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. கணினித் திரையில் உள்ள சொற்கள் எல்லாம் எழுத்தர் ஒருவரின் மேசையிலிருந்து எடுத்தவை: கோப்பு, உறை, வெட்டு, ஒட்டு, குப்பைக் கூடை. அந்த மேசையில் அமராதவருக்கு இவை எப்படி விளங்கும்? ஆகவே மேசையை விட்டுவிட்டுப் பணிமனைக்குப் போனோம். கோப்புறை என்பது கருவிப் பெட்டியின் இழுப்பறை. சேமிப்பது என்பது கருவியை எடுத்த இடத்தில் வைப்பது. மறைச்சொல் எது என்று கேட்டார். கருவிக் கிடங்கில் எண் பொறித்த பித்தளை டோக்கன் கொடுத்தால்தான் கருவி தருவார்கள் என்று அவரே முன்பு சொல்லியிருந்தார். "அதுதான் மறைச்சொல்" என்றேன்.

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஒருவன் டோக்கனை இன்னொருவன் போட்டால் எங்களிடம் குற்றம். வேலைக்கே ஆபத்து. என் டோக்கனை நீ ஏன் வைத்திருக்கிறாய்?" என்றார்.

என்னிடம் விடை இல்லை. அன்றே மறைச்சொல்லை மாற்றினார். மாற்றும்போது என்னை வெளியே போகச் சொன்னார்.

தட்டச்சு பற்றி ஒரு சொல். நம்மில் பலர் 'அம்மா' என்று எழுதவும் ஆங்கில எழுத்துகளை அடுக்குகிறோம். அந்த வழியை அப்பாவுக்குக் காட்டினேன், "தமிழ் எழுத இங்கிலீஷ் படிக்கவேண்டுமா?" என்றார். நியாயம்தானே? 1999இல் தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' விசைப்பலகையை நிறுவிக் கொடுத்தேன். பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம் என முப்பத்தொரு விசைகளில் 247 எழுத்துகளும் அடங்கிவிடும். ககரத்தைத் தட்டி இகரத்தைத் தட்டினால் 'கி'. திண்ணைப் பள்ளியில் சொல்லிக் கொடுத்த முறைதான். அவர் ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டார். நான் இன்னும் ஆங்கில வழியில்தான் தட்டுகிறேன். இந்தக் கட்டுரையையும் அப்படித்தான் தட்டினேன். சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது.

கடந்த நவம்பரில் உயிர்ச்சான்றுக்கு அவர் விரலை நம்பவில்லை. 2021 முதல் முகத்தைக் காட்டியும் சான்று தரலாம் என்று வந்திருக்கிறதே, அதைப் படித்துத் தெரிந்துகொண்டு, தம் கைப்பேசியின் முன் அமர்ந்து முடித்திருக்கிறார். பிறகு மடிக்கணினியில் சான்றிதழை இறக்கி, தாமே அமைத்த இழுப்பறையில் வைத்துவிட்டு, எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார். மூன்று வரி. இரண்டு எழுத்துப்பிழை. 'சான்று முடிந்தது. குளிருக்கு ஸ்வெட்டர் போடு. பணம் வேண்டுமானால் கேள், நானே அனுப்புவேன்' என்றிருந்தது. நள்ளிரவு வரை அதற்கு மறுமொழி எழுதிக் கொண்டிருந்தேன்.