இரண்டே முக்கால் மணி

தில்லிக்கும் சென்னைக்கும் எவ்வளவு தொலைவு என்று ஊரில் யாரேனும் கேட்டால், "விமானத்தில் இரண்டே முக்கால் மணி" என்று பெருமையோடு விடை சொல்வது நம் வழக்கம். நானும் அப்படிச் சொல்லி வந்தவன்தான். இப்போது சொல்வதில்லை. ஏன் என்பதை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உருண்டைப் பூமியின் மேல் இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி, பெருவட்டத்தின் ஒரு வில். அவ்வழியே தில்லியிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,760 கிலோமீட்டர். போபால், நாகபுரி, விசயவாடா என்று வளைந்து செல்லும் இரயிலுக்கோ ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். 33 மணி நேரம். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் விமானம் ஒரே சீராகப் பறந்தால் 2 மணி 12 நிமிடத்தில் சென்னையை அடைந்துவிட வேண்டும். அட்டவணையில் மேலும் அரைமணி கூடுவானேன்? நிற்குமிடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல் மீண்டும் வந்து நிற்கும்வரை அட்டவணை கணக்கிடுகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதும், மெல்ல மேலேறுவதும், இறங்க முறைக்குக் காத்திருப்பதும் அதில் அடங்கும். ஆக அட்டவணை பொய் சொல்லவில்லை. ஆனால் அது விமானத்தின் கணக்கு, பயணியின் கணக்கன்று.

சென்ற ஆண்டு ஒருநாள் இரவு 10 மணிக்கு என் அப்பாயி காலமான செய்தி வந்தது. விடியற்காலை விமானத்தில் இடமிருந்தது, கையில் பணமில்லை. கடைசி நேரக் கட்டணமோ வழக்கத்தைப்போல் மூன்று மடங்கு. விடுதியில் அறை அறையாகச் சென்று கடன் திரட்டி முடித்தபோது மறுநாள் காலை 8 மணி. நண்பகல் விமானமே கிடைத்தது. சென்னையில் இறங்கிப் பேருந்து பிடித்து, தஞ்சைக்கு அருகிலுள்ள எங்கள் ஊர் வாசலை மிதித்தபோது நள்ளிரவு. பொழுது சாயும்வரை எனக்காக வைத்திருந்து, பிறகு எடுத்துவிட்டார்கள். விடியற்காலை விமானத்தில் ஏறியிருந்தால் மாலை 5 மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருப்பேன்.

விஞ்ஞானம் தன் கடமையைச் செய்துவிட்டது. 33 மணியை இரண்டே முக்கால் ஆக்கிக் கொடுத்தது. எஞ்சி நின்ற தொலைவு என் சட்டைப்பையில் இருந்தது. அதைக் குறைக்க வேண்டியவர்கள் நாமல்லவா?

ஆகவே நம் சங்கம் ஓர் அவசரப் பயணநிதி தொடங்க வேண்டும். உறுப்பினர் ஒருவர் மாதம் 50 ரூபாய் தந்தால், நூறு பேருக்கு ஆண்டுக்கு 60,000 ரூபாய் சேரும். வீட்டில் சாவு, கடும் நோய் என்று செய்தி வந்த மாணவருக்கு, இரவாயினும் பகலாயினும் ஒரு மணி நேரத்துக்குள் கடனாகக் கொடுப்போம். அவர் ஆறு மாதத்தில் திருப்பித் தரட்டும்.

பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தத்தானே சங்கம் என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். விழாக்கள் வேண்டும், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் கூடி உண்பதற்கு மட்டும் உறவு, துக்கத்துக்கு இல்லை என்றால் அது என்ன உறவு? கைப்பேசியில் முகம் பார்க்கலாமே என்பாரும் உண்டு. அப்பாயியின் முகத்தை நான் கடைசியாக அப்படித்தான் பார்த்தேன். போதவில்லை, நண்பர்களே.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். வழிமொழிய ஒருவராவது முன்வருவீர்கள் என்று நம்புகிறேன்.