70 விழுக்காடும் 5 விழுக்காடும்

பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளுக்கான 'பிப்' உதவித்தொகை மறுக்கப்பட்டு, தீர்ப்பாயம் வரை போய் வழக்காடுகிறவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் வெல்கிறார்கள். கடந்த சில ஆண்டுகளாகவே இதுதான் நிலை. 'பரவாயில்லை, நீதி கிடைக்கிறதே' என்று மகிழ்கிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை. மறுமதிப்பீட்டுக்குப் போன பத்து விடைத்தாள்களில் ஏழு தேறிவிட்டால், முதலில் திருத்தியவரை அல்லவா நாம் கேள்வி கேட்போம்?

2013-இல் வந்தது இந்தத் திட்டம். சமைக்க, குளிக்க, உடுத்த, நடக்க முடிகிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். ஒரு பிரிவில் 8 எடுத்தால் அடிப்படைத் தொகை, 12 எடுத்தால் கூடுதல் தொகை. பார்த்து அறிக்கை எழுதும் வேலை ஆட்டோஸ், கேப்பிட்டா போன்ற தனியார் நிறுவனங்களிடம் போனது. அதை வைத்து முடிவெடுப்பது அரசுத் துறை. ஒரு வேலையைப் பாதுகாப்பாக, திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிகிறதா என்று பார்க்க வேண்டும் என்கிறது விதி.

தீர்ப்பாயத்தில் ஒரு நீதிபதி, ஒரு மருத்துவர், இயலாமை பற்றி அனுபவமுள்ள ஓர் உறுப்பினர் என மூவர் உட்கார்ந்து கேட்கிறார்கள். முடிவு மாறுவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, மனுதாரர் வாயால் சொன்ன சாட்சியம். புதிதாக எந்த அதிசய ஆவணமும் வேண்டியிருக்கவில்லை. அந்த மனிதரைப் பேசவிட்டு, சொன்னதை நம்பியிருக்கிறார்கள். முதல் நாளே செய்திருக்கக்கூடியது இது.

அரசுத் தரப்பு வேறொரு எண்ணை நீட்டும். மொத்த முடிவுகளில் மேல்முறையீட்டுக்குப் போவது 10 விழுக்காடு, மாறுவது 5 விழுக்காடு மட்டுமே என்று 2019 வாக்கில் அமைச்சர்கள் சொல்லிவந்தார்கள். வழக்குக்குப் போகாதவர் எல்லாம் நிறைவாக இருக்கிறார் என்பது கணக்கு. (எங்கள் ஊரில் புகாரே இல்லை, ஆகவே தீண்டாமையும் இல்லை என்று எழுதித்தரும் அதிகாரிகளை அறிந்த நமக்கு இந்தத் தர்க்கம் புதிதா என்ன?)

ஏன் போகவில்லை என்று பாருங்கள். நேராகத் தீர்ப்பாயம் போக முடியாது. மறுத்த அதே துறையிடம் முதலில் 'கட்டாய மறுபரிசீலனை' கேட்க வேண்டும். அங்கும் மறுத்தால்தான் மேல்முறையீடு. அதற்கு மேல் பல மாதக் காத்திருப்பு. போதாக்குறைக்கு, இங்கிலாந்திலும் வேல்சிலும் இத்தகைய வழக்குகளுக்கான சட்ட உதவியை 2013 ஏப்ரலில் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். புதுத் திட்டம் வந்த அதே மாதம்! நோயும் வறுமையும் மனச்சோர்வும் உள்ளவர் இத்தனை படியும் தனியாக ஏற வேண்டும். மறுபரிசீலனையில் மறுப்புக் கடிதம் வந்ததும் அதை மடித்து வைத்துவிட்டவர், அமைச்சரின் கணக்கில் 'சரியான முடிவு' ஆகிவிடுகிறார்.